மேலே இடம் விட்டு வை

செஞ்சி,
திங்கட்கிழமை.

அன்புத் தம்பி வளவனுக்கு அக்கா கலைமதி எழுதுவது.

இங்கே நானும் நைனாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஸ்டூடியோவில் டீயும் பன்னுமாகவே காலத்தை ஓட்டுகிறாயா? கையில் போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறாளே, அக்காவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று சிரிக்காதே. படித்து முடித்த பிறகும் சிரிப்பு வந்தால் சிரி.

முதலில் நல்ல சேதி. ‘கொல்லைமேடு’ ஆல்பத்திலிருந்து நீ முன்கூட்டியே வெளியிட்ட அந்த ஒரு பாட்டு செஞ்சி முழுக்க ஓடுகிறது. ஷேர் ஆட்டோவில் அதுதான், செல்போன் கடையில் அதுதான். மெட்ராஸ் போயும் வேர்க்கடலை என்று மாற்றிக்கொள்ளாமல் மல்லாட்டை என்றே பாடியிருக்கிறானே என்று ஜெயக்கொடி டீச்சர் என்னை வழியில் நிறுத்திச் சொன்னார்கள். நீயே எழுதி, நீயே மெட்டுப் போட்டு, நீயே பாடிய பாட்டு. உன் கத்தல் தாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டு படித்தவள் நான். இப்போது யாராவது உன் பெயரைச் சொன்னால் என் தம்பி என்று முந்திக்கொண்டு சொல்கிறேன்.

பாட்டின் தொடக்கத்தில் நம் அத்தை மகன் பீமாராவின் குரலை வைத்திருக்கிறாய். அவன் செத்த அன்று சாயங்காலம் உனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். ‘மச்சான், குவாரி மேட்டுல நிக்கறேன், வண்டி வருது, அப்புறமா பேசறேன்.’ செல்லம்மாள் அத்தை அதைக் கேட்டு அழவேயில்லை. எம் புள்ள பேசறான், இன்னொரு தபா போடு, இன்னொரு தபா போடு என்று என் மடியில் தலை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தது. நான்தான் அழுதேன்.

அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு ஹாரன் சத்தம் கேட்கிறதே, அது யாருடையது தெரியுமா உனக்கு? தற்செயலாக விழுந்த ஹாரன், பாட்டின் சுருதிக்கே சேர்ந்தது, அதனால் எடுக்காமல் விட்டோம் என்று ஏதோ ஒரு பேட்டியில் சந்தோஷமாகச் சொல்லியிருந்தாய். நீ சென்னைக்குப் போன பிறகு ஊருக்கு வந்த வண்டி அது. குவாரி அரிகிருஷ்ணனுடைய டிப்பர் லாரி. பாட்டுப் பாடுகிற ஹாரன், கடைசி இழுப்பில் மட்டும் தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி அறுந்துபோகும். நம் தெருப் பிள்ளைகள் அதை வாயாலேயே ஊதிக் காட்டும்.

குவாரித் தண்ணீரிலிருந்து பீமாராவைத் தூக்கியபோது, அன்றைக்குத் தன் வண்டி திண்டிவனத்தில் பட்டறையில் நின்றது, குவாரிப் பக்கம் ஒரு ஈ காக்கா இல்லை என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தவர் அதே அரிகிருஷ்ணன். தவறி விழுந்தான் என்று முடித்துவிட்டார்கள். குவாரியை மூடச் சொல்லி மனு மேல் மனு கொடுத்தவன், கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகக் குதித்து நீந்துகிறவன், தவறி விழுந்தானாம்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அந்தப் பாட்டை முதல்முறை போட்டபோது நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஹாரன் வந்த இடத்தில் கடையில் பேச்சு நின்றுபோனது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அரிகிருஷ்ணனும் அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நல்லா இருக்குதே, முதல்லேருந்து போடு என்றார். இரண்டாம் முறையும் கேட்டுவிட்டு, மிச்சமிருந்த டீயை நிதானமாகக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாளிலிருந்து நம் வீட்டுக்கு வருகிறார். இத்தனை வருஷத்தில் நம் தெருவுக்குள் காலெடுத்து வைக்காத மனிதர், நைனா துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து நம் சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார். நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. எம் புள்ள பாட்டு இன்னா வேல பண்ணிச்சி பாத்தியா கலை என்று பூரித்துப்போகிறார். அந்தப் பூரிப்பைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

நீ போன் செய்யும் நேரம் பார்த்து வந்துவிடுகிறார். ஸ்பீக்கர்ல போடு இளையபெருமாளு, நானும் தம்பி குரலக் கேக்கறேன் என்று நைனாவிடம் சொல்கிறார். நீ கேட்டதற்கெல்லாம் நான் ‘உம்’ கொட்டினேன் என்று கோபித்துக்கொண்டாயே, அதனால்தான். உன் பாட்டைக் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று என் போனையும் வாங்கிப் போனார். திரும்பி வந்த போனில் நான் இப்போது முக்கியமான எதையும் பேசுவதில்லை. போன வாரம் பேச்சுவாக்கில் நைனாவிடம் கேட்டார், அந்தப் பையன் பேசனது எந்த போன்ல இருக்குது, தம்பிகிட்டயா, வரும்போது எடுத்துனு வருவானா என்று. நைனாவும் தன் பங்குக்கு, அவன் போன் இல்லாம எங்க போவான் என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை ஆல்பம் வெளியாகும் அன்று கோட்டை அடிவாரத்தில் மேடை போட்டு நீ பாட வேண்டும் என்று ஆசைப்பட்டாய். மேடை, மைக், ஜெனரேட்டர் எல்லாம் தன் பொறுப்பு என்று அவர் சொன்னதும், போனிலேயே கும்பிடாத குறையாக நன்றி சொன்னாய். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் வாயைப் பொத்த வேண்டும்போல இருந்தது.

இன்று காலை நான் வேலை பார்க்கும் பிளக்ஸ் கடைக்கே வந்துவிட்டார். உனக்கு பேனர் அடிக்க வேண்டுமாம். நீ கிட்டாரோடு நிற்கும் படத்தை எடுத்தேன். கிட்டாரு வோணாம், மூஞ்சி மட்டும் வெட்டி எடு, பின்னாடி வெள்ளையா இருக்கட்டும் என்றார். என்ன எழுதணும் என்று கேட்டேன். மேல இடம் வுட்டு வை, எழுத்த பிற்பாடு சொல்றேன் என்றார். அப்புறம் குனிந்து, தம்பி பொறந்த தேதி இன்னாம்மா, வருசத்தோட சொல்லு என்றார்.

வளவா, கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர்கள் வரவேற்பு என்று எத்தனையோ பேனர் இந்தக் கையால் அடித்திருக்கிறேன். பிறந்தநாள் பேனருக்குக்கூட யாரும் வருஷம் சொல்வதில்லை. வருஷத்தோடு பிறந்த தேதி போடுவது ஒரே ஒரு பேனரில்தான். படத்துக்குக் கீழே இடப்பக்கம் ‘தோற்றம்’ என்று போட்டு அதை எழுதுவோம். வலப்பக்கம் இன்னொரு தேதி வரும். பீமாராவுக்கு அடித்தவளும் நான்தான்.

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். பரவால்ல, நைனா சொல்லிட்டாரு, சரிபாக்கத்தான் கேட்டேன் என்று அவரே தேதியைச் சொல்லி, நான் அதைக் கம்ப்யூட்டரில் அடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார். அவர் தெரு திரும்பியதும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

அந்த ஹாரனை வெட்டிவிடு என்று முதலில் எழுதினேன். எழுதின தாளைக் கிழித்துப் போட்டேன். வெட்டினால் மட்டும் கேட்டவர்கள் காதிலிருந்து போய்விடுமா? செல்லம்மாள் அத்தை முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? வெட்டாதே. எல்லாப் பாட்டும் வெள்ளிக்கிழமை வரட்டும், ஆனால் சென்னையிலிருந்தே வரட்டும். அந்த மெசேஜ் இருக்கிற போனை யாரிடமும் கொடுக்காமல் ஒரு நல்ல வக்கீலிடம் நேரில் போய், நான் எழுதியிருப்பதைச் சொல். அது யார் வண்டி ஹாரன் என்று சொல்ல ஆள் வேண்டும் என்றால் என் பெயரைக் கொடு. எனக்குப் பயம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் வருவேன்.

நைனாவிடம் இதெல்லாம் சொல்லவில்லை. சொன்னால் நேரே அரிகிருஷ்ணன் வாசலிலேயே போய் நின்று கேட்பார். இந்தக் கடிதத்தையும் இங்கே போடாமல் விழுப்புரம் போய் ஸ்டூடியோ விலாசத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

நீ வராதே. மேடை தயார், வாடா என்று நைனா ஆசையாகக் கூப்பிடுவார். வராதே. நைனாவுக்கு நெஞ்சுவலி என்று யாராவது சொல்வார்கள். வராதே. நானே அழுதுகொண்டு வா என்று கூப்பிட்டாலும் வராதே. அந்த நேரம் என் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று இப்போது உனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறுதல். நைனா சொன்ன தேதி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தோராயமாகப் போட்ட தேதி. நீ பிறந்தது ஐப்பசி அடைமழையில். மருத்துவச்சி கையிலிருந்து உன்னை முதலில் வாங்கியவள் நான், எனக்குத் தெரியாதா? அரிகிருஷ்ணன் பேனரில் இருக்கிற முதல் தேதி பொய். அவர் மனதில் வைத்திருக்கிற இன்னொரு தேதியும் அதேபோலப் பொய்யாகப் போகட்டும். நீ தலை நரைத்து, குரல் நடுங்கும்வரை பாடிக்கொண்டு நன்றாக இருடா தம்பி.

உன் அக்கா,
கலைமதி