நான் இருப்பதுதான் இடைஞ்சல்

மார்ச் 2

கொரோனா பூஸ்டர் ஊசிக்கான பட்டியல்கள் பல்கலைக்கழக சுகாதார மையத்தின் கண்ணாடிக் கதவில் ஒட்டப்பட்டிருந்தன. முதல் பட்டியலில் ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அவர்களைச் சார்ந்திருப்போர். ஓய்வுபெற்றவர்களில் என் பெயர் இருந்தது. மனைவியின் பெயர் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இல்லை.

வீட்டில் கேட்டாள். கூட்டமாக இருந்தது, சரியாகப் பார்க்க முடியவில்லை என்று சொல்லிவைத்தேன்.

மார்ச் 3

மையத்துக் குமாஸ்தாவிடம் போனேன். கேட்க வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். கவுண்டர் முன் நின்றதும் அவள் பெயரை மட்டும் சொன்னேன்.

அவர் கணினியைப் பார்த்தபடியே விளக்கினார். மனைவி இதே பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். தனக்கென்று பென்ஷன் வாங்குகிறாள். ஆகவே என்னைச் சார்ந்தவள் ஆக மாட்டாள். நூலக ஊழியர்கள் மூன்றாவது பட்டியல். இரண்டு மாதம் ஆகும். வெளியே அரசாங்க முகாம் அதற்கும் பிறகுதான்.

அவளுக்குச் சிறுநீரக மாற்று ஆகியிருக்கிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளோடு வாழ்கிறாள். முதல் இரண்டு ஊசியும் உடம்பில் சரியாகப் பிடிக்கவில்லை, மூன்றாவது உடனே வேண்டும் என்று அவளுடைய டாக்டர் எழுதிக் கொடுத்ததை நீட்டினேன். அதெல்லாம் கொரோனா கமிட்டி பார்க்க வேண்டியது என்று திருப்பித் தந்துவிட்டார். பிறகு, ஏதோ உதவி செய்கிற தோரணையில் சொன்னார்:

“சார் காலமாகியிருந்தா மேடம் முதல் பட்டியல்லயே வந்துடுவாங்க. ஆசிரியரோட விதவைங்கிற வகையில. இப்பதான் நீங்க இருக்கீங்களே.”

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டினேன்! எதற்கு?

மார்ச் 4

மனைவியிடம் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தாள்.

“ஏங்க, ரெண்டு மாசத்துக்குக் கொஞ்சம் செத்துட்டு வர முடியாதா?”

நானும் சிரித்தேன். அது தப்பாகப் போயிற்று. அவள் கையிலிருந்த தட்டைத் தொட்டியில் போட்ட சத்தம் மாடிவரை கேட்டிருக்கும். “இத்தனை வருஷத்துல எனக்காக எங்கயாவது குரலை உசத்தி ஒரு வார்த்தை பேசியிருக்கீங்களா?”

யோசித்துப் பார்த்தேன். நான் யோசிப்பதைப் பார்த்து அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

மார்ச் 8

கமிட்டித் தலைவரைப் பார்த்தேன். என் துறையில் எனக்கு ஜூனியராக இருந்தவர். கமிட்டி கூடியிருந்த அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. என்ன விவாதம் என்று கேட்டேன். வகுப்பறைகளில் காற்றோட்டம்.

முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்துக்கு நேராகப் பேசினார். டாக்டரின் தாளை மடித்தபடியே திருப்பித் தந்தார், பிரிக்கவில்லை.

“விதின்னா விதிதானே சார். உங்க வீட்டுக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணா? மேடம் ரெண்டு மாசம் வெளிய தலைகாட்டாம இருந்தாப் போதும்.”

ரத்தப் பரிசோதனைக்கு வாராவாரம் போகிறாளே, அதற்கு உங்கள் தலையையா அனுப்புவது என்று கேட்டிருக்கலாம். படி இறங்கும்போதுதான் தோன்றியது. எனக்கு எல்லாமே படி இறங்கும்போதுதான்.

அந்த ஆளை வெறுக்கிறேன். இதை நல்ல கையெழுத்தில் எழுதுகிறேன்.

மார்ச் 9

வழக்குப் போடலாமா? யார், நானா?

மார்ச் 11

கீழ்வீட்டு அம்மாள் நேற்றே ஊசி போட்டுக்கொண்டாராம். பேராசிரியரின் விதவை. “உங்க வீட்டம்மாவுக்கு ஆச்சா?” என்று அக்கறையாகத்தான் கேட்டார். கதவைச் சாத்தினேன். பொறாமை. எந்த நிலைமையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் நான்!

மார்ச் 15

என் முறை. துணைக்கு வா என்று மனைவியையும் அழைத்துப் போனேன். எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை. எனக்கே நிச்சயமில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தேன். நர்ஸ் சட்டைக் கையை மடக்கச் சொன்னாள். எனக்கு வேண்டாம், அதோ நிற்கிறாளே, அவளுக்குப் போடுங்கள் என்றேன். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது. முடியாது, பட்டியல்படிதான் என்றாள். அப்படியானால் எழுந்திருங்கள் என்றாள்.

எழுந்திருக்கத்தான் நினைத்தேன். உண்மை. கால் வரவில்லை. பயத்தில் முழங்கால் இறுகிப்போய்விட்டது. இதற்குப் பேர் என்ன? தைரியமா? தெரியவில்லை.

பின்னால் வரிசை. எல்லாரும் ஆசிரியர்கள், எல்லாருக்கும் வகுப்புக்கு நேரமாகிறது. “பெருசு, எந்திரிய்யா” என்றது ஒரு குரல். படித்தவர்கள்தான். வாழ்ந்து முடித்தவர்களுக்கு இவ்வளவு ஆசை எதற்கு என்றது இன்னொன்று. மனைவி தோளைப் பிடித்து இழுத்தாள். “மானத்தை வாங்காதீங்க, வாங்க போலாம்” என்றவள், அந்த இரண்டாவது குரலைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டாள். திரும்பி வரிசையைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

கமிட்டித் தலைவரை வரவழைத்தார்கள்.

“இந்த வயசுல இப்படி உக்காந்து அடம்பிடிக்க அசிங்கமா இல்ல சார்?”

“அசிங்கமாத்தான் இருக்கு,” என்றேன். “அவளுக்குப் போட்டதும் போயிடறேன்.”

வரிசை தலைவர்மேல் பாய ஆரம்பித்தது. எங்கள்மேல் இரக்கப்பட்டு அல்ல, எங்களைத் தொலைத்துக்கட்ட. அவர் நர்ஸிடம், இவருடைய டோஸை அந்தம்மாவுக்குப் போட்டு அனுப்பு, இவர் பெயரை அடித்துவிடு என்றார். என்னிடம் திரும்பி, “ரிட்டயரான பிறகும் துறையில உங்களுக்கு மேசை போட்டுக் கொடுத்திருக்கோம்ல, நாளைக்கே சாவியைக் கொடுத்துடுங்க” என்றார்.

மனைவி நாற்காலியில் உட்காரும்போதுதான் என்னால் எழுந்திருக்க முடிந்தது என்று நினைவு. இல்லை, முதலில் நான் எழுந்தேன். ஒரே நாற்காலிதானே.

மார்ச் 16

காலையில் சாவியைக் கொடுத்துவிட்டு என் புத்தகங்களை இரண்டு பையில் எடுத்து வந்தேன். தாழ்வாரத்தில் யாரும் வணக்கம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மத்தியானம் அவளுக்குக் காய்ச்சல். கையைத் தூக்க முடியவில்லை, தலையணையை ஒழுங்காக வைக்கத் தெரியாதா என்று என்னைத் திட்டினாள். முதல் இரண்டு ஊசிக்கும் இவளுக்கு உடம்பு லேசாகக்கூடச் சுட்டதில்லை. காய்ச்சலை வைத்து ஊசி பிடித்ததா இல்லையா என்று சொல்ல முடியாது; டாக்டரும் அப்படித்தான் சொல்வார். ஒரே ஒரு அளவீட்டை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் காலமெல்லாம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அதனால் தெர்மாமீட்டரை இன்னொரு தரம் வைக்கச் சொன்னேன். சந்தோஷத்தில் நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, “பெண்டாட்டிக்குக் காய்ச்சல்னா இப்படிச் சிரிக்கிற ஆளை நான் பார்த்ததில்ல” என்று சொல்லி, வாயைத் திறந்தாள்.