பதிவேட்டில் வெள்ளையர்

மார்ச் 4
ஜமாருக்கு வீட்டுத்தொகை கிடைத்துவிட்டது. என்னோடு நில அளவைப் படிப்பில் சேர்ந்து பாதியில் விட்டவன். 1969க்கு முன் இந்த ஊரில் ஒதுக்கிவைக்கப்பட்ட கறுப்பர்களின் வாரிசுகளுக்கு, வீடு வாங்க நகரசபை தரும் பணம். அவன் காட்டிய ஆதாரம் அவன் அம்மா வில்மா அத்தையின், ஊரும் இனமும் குறித்த பள்ளிக்கூட மார்க் அட்டை. அவ்வளவுதான்.

"என்ன மச்சான், சத்தத்தையே காணோம்?" என்றான் போனில். வாழ்த்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டு.

மார்ச் 6
வேலையிடத்தில் ப்ரூஸ்: "எங்க தாத்தா போலந்துலேருந்து அமெரிக்காவுக்கு வெறுங்கையோட வந்தாரு. இந்த வீட்டுத்தொகைக்கு நான் எதுக்குப்பா காசு அழணும்?"

போன வருஷம்வரை நானும் 'உழைத்து வாங்கட்டும்' என்றவன்தான். இன்று அளந்த மனையின் பழைய பத்திரத்தை ப்ரூஸ் முன் போட்டேன். 'கறுப்பருக்கு விற்கக் கூடாது.'

"உங்க தாத்தா சம்பாதிச்சதும் இதை வாங்கியிருக்கலாம். எங்க ஆளு காசோட நின்னாலும் முடிஞ்சிருக்காது."

வாதம் சரி. நியாயத்துக்காகப் பேசினேனா, வயிற்றெரிச்சலிலா? இரண்டும்தான்.

மார்ச் 11
வீட்டுத்தொகைக்கு நான் போட்ட விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள்.

தாத்தா யூஜின் நல்ல வெளுப்பு. அவர் தம்பி, ஜமாரின் தாத்தா, கறுப்பு. யூஜின் தன்னை வெள்ளையர் என்று பதிந்து வெள்ளையர் தெருவில் வீடு வாங்கினார். ப்ரூஸிடம் இதைச் சொல்லவில்லை. ஆறே வருஷத்தில் குட்டு உடைந்தது. பாதி விலைக்கு விற்றுவிட்டு ஓடினார். பதிவேட்டில் இன்னும் வெள்ளையர்.

"கறுப்பர்னு ஒரு காகிதம் வேணுமே," என்றார் நகரசபைக் குமாஸ்தா. அவரும் கறுப்பர்.

"என் மூஞ்சி போதாதா?"

"எனக்குப் போதும் தம்பி. ஃபைலுக்குப் போதாது."

தாத்தாவை நேரில் அறிந்தவர் சாட்சி சொன்னால் ஏற்பார்களாம். மிஞ்சியிருப்பது வில்மா அத்தை மட்டும். ஜமார் வீட்டிலா போய் நிற்பது?

மார்ச் 12
ஜமார் வாங்கும் வீட்டுத் தெருவில் வண்டி ஓட்டினேன். இரண்டு முறை. நிறுத்தவில்லை.

மார்ச் 19
நான் கேட்கவேயில்லை. ஜமாரே அத்தையை நகரசபைக்குக் கூட்டிவந்துவிட்டான்.

"யூஜின் வீட்டுக்குப் போயிருக்கீங்களா?" என்று குமாஸ்தா கேட்டார்.

"வருஷத்துக்கு ஒருக்கா. துணி மூட்டையோட. சலவைக்காரி மகள்னு தெரு நெனைக்கட்டும்னு. வெளியில பாத்தா பெரியப்பான்னு கூப்பிடக் கூடாது." அத்தை என்னைப் பார்க்கவில்லை. "ஒரு தடவை கடையில, எல்லாரும் இருக்கறப்ப, கூப்பிட்டுட்டேன். ஒரே மாசத்துல வீடு போச்சு."

"மறந்துபோயா?"

"எட்டு வயசு. இவன் அப்பன் புது ஷூ போட்டிருந்தான், எனக்கு ஓட்டை ஷூ. அதையே பாத்துக்கிட்டிருந்தேன்."

நான் இதைக் கேள்விப்பட்டதேயில்லை. ஜமாருக்கும் இது புதுசு.

ஏப்ரல் 2
ஏற்றுவிட்டார்கள். கடிதத்தில், ஆதாரம் என்ற இடத்தில்: 'விண்ணப்பதாரரின் தாத்தாவைச் சாட்சி பொது இடத்தில் பெரியப்பா என்று அழைத்துள்ளார்.'

அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுப் படித்தார். "கோவமாடா?" என்றார்.

"இல்ல அத்தை. ஜமார் மேலதான் இன்னும் கொஞ்சம்."

சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.