துண்டைப் பார்த்தேன், மலையைப் பார்க்கவில்லை

என் செல்லத் தம்பி சேகருக்கு,

"இன்னாக்கா, காத்து எப்டி?" என்று இன்றைக்கும் கேட்டாய். களத்தில் சாமை தூற்ற முறத்தைத் தூக்கினேன், காதோரம் உன் குரல். கை அப்படியே நின்றுவிட்டது. செத்தும் என்னை வேலை செய்ய விடமாட்டாயாடா?

ஏரி நிரம்பியிருக்கிறது. ராமேசுவரம் பக்கம் கடலில் கைட் சர்ஃபிங், அதாவது பெரிய காற்றாடி இழுக்கப் பலகையில் நின்று தண்ணீர்மேல் சறுக்கும் விளையாட்டு, கற்றுக்கொண்டு வந்து, ஜமுனாமரத்தூர் சந்தையில் எல்லோரிடமும் பெருமையடித்தாயே: "நம்ம ஏரில அலை கெடையாது, இடுப்பளவு தண்ணி, சுத்தி மலை. புதுசா கத்துக்க இதவிட எடம் ஏது?" ஊரே சிரித்தது. நானும்தான். ஆனாலும் கரையில் நின்று காற்றுப் பார்த்துச் சொல்லும் வேலையை எனக்குத்தான் கொடுத்தாய். நான் கை தூக்கினால்தான் நீ காற்றாடியை ஏற்றுவாய்.

மலை மறைப்பதால் ஏரியில் காற்று அடங்கிக் கிடக்கும், திடீரென்று மேலிருந்து விழுந்து அறையும். நீ களத்துப் பக்கமே வராதவன், உனக்குத் தெரியாது. எனக்குமா தெரியாது? மலையுச்சி மரங்களைப் பார்க்காமல் நாங்கள் முறத்தைத் தூக்கமாட்டோம். உச்சி ஆடினால் கொஞ்ச நேரத்தில் காற்று களத்துக்கு இறங்கிவிடும், பதரோடு தானியமும் போய்விடும்.

அன்றைக்குக் காற்றுப் பார்க்கக் கரையில் மூங்கில் கழியில் நீ கட்டியிருந்த சிவப்புத் துண்டு ஒரே சீராக ஆடியது. அதையே பார்த்துக் கை தூக்கினேன். காற்றாடி உன்னை இழுத்துப்போய்க் கரைப் பாறையில் அடித்த பிறகுதான் நிமிர்ந்தேன். உச்சியில் மரங்கள் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தன.

"அவன் அவசரப்பட்டுட்டான்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். இத்தனை நாளும் அந்தப் பழியை உன் மேலேயே விட்டுவைத்தேன்.

நேற்று, உன்னிடம் கற்ற தேவராஜ் வந்தான். "ஞாயித்துக்கெழம வேலூர்லருந்து ரெண்டு பேரு கத்துக்க வர்றாங்கக்கா. கரையில நிக்கிறீங்களா? அண்ணன் மாதிரி அவசரப்பட மாட்டேன்" என்றான். நீ எங்கே அவசரப்பட்டாய்? என் கைக்காகக் காத்திருந்துதானே போனாய்?

போகிறேன். முதலில் மூன்று பேரிடமும் நடந்ததைச் சொல்வேன். கேட்ட பிறகும் என்னை நம்பினால் கரையில் நிற்பேன். உச்சி மரம் அடங்காமல் கை தூக்கமாட்டேன், நாள் முழுக்க நிற்க வேண்டியிருந்தாலும் சரி. அப்போதும் நீ காதோரம் கேட்பாய், தெரியும். கேள். இந்த முறை மலையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

உன்னைக் கை தூக்கி அனுப்பிய அக்கா,
வள்ளி