அளவு நோட்டு

திசையன்விளை
3.6.2025

அன்புள்ள பிரம்மநாயகிக்கு,

நான் நலம். என் போன் நம்பரை நீ அடைத்து வைத்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன். உன் முதுகெலும்பு இரண்டு இடத்தில் நொறுங்கியிருப்பதாக நம் மகள் ப்ரியா சொன்னாள். எங்கே விழுந்தாய்? பன்னிரண்டு வருஷம் தனியாக இருந்தது போதும். டீச்சர் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடு. பின்கட்டு அறையில் கட்டில் போட்டாயிற்று. எழுந்திருக்கவே வேண்டாம், படுத்திரு.

உன் கணவன்,
பூதலிங்கம்

பாளையங்கோட்டை
9.6.2025

பூதலிங்கம் அவர்களுக்கு,

நான் எங்கும் விழவில்லை. புதிதாகத் தைத்த உள்பாவாடை தரையில் புரண்டது. மேலப்பாளையத்துத் தையல்காரர் ரஷீதிடம் சண்டைக்குப் போனேன். அவர் அளவு நோட்டை விரித்துக் காட்டி, “அளவு மாறல டீச்சர், நீங்கதான் கொறஞ்சிருக்கிய” என்றார். அந்த எரிச்சலில்தான் ஆஸ்பத்திரிக்கே போனேன். இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறேன். எலும்பு உள்ளுக்குள்ளேயே தேய்ந்து, எனக்குத் தெரியாமலே நொறுங்கியிருக்கிறது.

படுத்தே கிடந்தால் இன்னும் தேயுமாம். எலும்பை வளர்க்கும் ஊசி ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் ஒன்று, இரண்டு வருஷத்துக்கு. பேனா மாதிரி இருக்கிறது. நானே வயிற்றில் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறேன். நீங்கள் உங்கள் சர்க்கரையைக் கவனியுங்கள்.

பிரம்மநாயகி

திசையன்விளை
14.6.2025

பிரம்மநாயகிக்கு,

யாரைக் கேட்டு ஊசி போட்டாய்? அதைப் போட்டால் போன உயரம் வந்துவிடுமா? வீம்பு பிடிக்காதே. 22ஆம் தேதி ஞாயிறு காலை காரோடு வருகிறேன். பெட்டியைக் கட்டி வை.

பூதலிங்கம்

பாளையங்கோட்டை
18.6.2025

பூதலிங்கம் அவர்களுக்கு,

போன உயரம் வராது. டாக்டரே சொல்லிவிட்டார். ரஷீதும் நோட்டில் பழைய அளவை அடித்துப் புதியதை எழுதிக்கொண்டார். அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்றுதான் ஊசி. ஊசி முடிந்ததும் எலும்பைக் காக்க வேறு மருந்து தருவார்களாம்.

பயம் இல்லாமல் இல்லை. குளியலறையில் கம்பி பதித்து, அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

ரதவீதியில் உங்களோடு போகும்போதெல்லாம், “ஏட்டி, தலையக் குனிஞ்சு நட” என்பீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பத்தொன்பது வருஷம் நீங்கள் சொல்லியே குனியாதவள், எலும்பு சொல்லியா குனியப் போகிறேன்?

கார் வேண்டாம். ஞாயிறு காலை வீடு பூட்டியிருக்கும். ஆற்றுப் பாலம் வரை தினமும் நடந்துவர ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பிரம்மநாயகி
ஐந்தடி ஓர் அங்குலம்