பெத்தம்மாள் குழம்பு

சோலைராஜு,

காலை ஷிப்டுக்குப் போகிறேன். நேற்று கோபத்தில் சாப்பிடாமல் படுத்துவிட்டாய், அதனால் எழுப்பவில்லை. பழைய சோறு இருக்கிறது, வெங்காயம் உரித்துக்கொள். வெளியே போனால் சாவியை எதிர்வீட்டில் கொடு.

சென்னை ராணுவ அகாடமியில் சேருகிறேன் என்று நீ எழுதிப்போட இன்றுதான் கடைசி நாள். ஓவர்டைம் இருப்பதால் தபாலாபீஸ் மூடுவதற்குள் நான் வர முடியாது. "இப்பச் சேந்துக்கோ, விமானப்படை வெயிட்டிங் லிஸ்ட்ல கூப்பிட்டா விட்டுட்டு வந்துரு, எவன் கேக்கப் போறான்" என்று கத்தியது நான்தான். கத்தும்போதே எனக்கு ஒன்று தெரியும்.

சென்னை லிஸ்டில் உனக்கு அடுத்துக் காத்திருப்பது சேத்தூர் மாரிசாமி. மில்லில் என் பக்கத்து மெஷின் பெத்தம்மாளின் மகன். "ஒம் மகன் போகலைன்னா மட்டும் சொல்லு தாயி" என்று முந்தாநாள் கேட்டாள். நான் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ சேர்ந்துவிட்டுப் பாதியில் வந்தால் அந்த இடம் அவனுக்கும் கிடைக்காதாம்.

கடிதம் போட்டால் விமானப்படையை மறந்துவிடு. மனசில்லை என்றால் போடாதே.

அம்மா

அப்பா கண்ணில் இதைக் காட்டாதே, அவர் எப்படியும் சேரத்தான் சொல்வார்.

குழம்பைத் தேடாதே. தினமும் மில்லில் என் சோறு, பெத்தம்மாள் குழம்பு, இரண்டு பேரும் பங்கிட்டுத்தான் சாப்பிடுவோம். இன்று குழம்பையும் நானே எடுத்துப் போகிறேன். நீ ஒரு முடிவு சொல்லும்வரை அவள் குழம்பில் கை வைக்க என்னால் ஏலாது.