ஹசன் அலி எழுதாத கட்டுரை

திருநெல்வேலி டவுண்,
அக்டோபர் 14

அன்புள்ள தஸ்லிமா அவர்களுக்கு,

களக்காட்டில் நீங்களும் வாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னிடமிருந்து கடிதம் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். கிழிக்காமல் படிக்கிறீர்கள் என்றால் நன்றி.

இங்கே மழை இன்னும் பிடிக்கவில்லை. நம் ஆங்கிலத் துறையில் உங்கள் இடத்துக்கு ஆள் போடவில்லை. உங்கள் வகுப்புகளை ஜாபேஸ் சாரும் நானும் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

மார்ச் மாதம் கல்லூரி ஆய்வுக் குழுவில், ‘செட்’ என்ற சொல்லைப் பற்றிய உங்கள் கட்டுரையைத் திருட்டு என்று சொன்னது நான்தான். அறுபத்திரண்டு சதவீதம் வேறொரு கட்டுரையோடு ஒத்துப்போகிறது, அதை எழுதியவர் ஹசன் அலி என்று கணினி அறிக்கை காட்டியது. “அது எங்க வாப்பா பேரு மேடம்” என்றீர்கள். “அப்ப வாப்பா எழுதுதாங்க, மக நீங்க பேரு போட்டுக்கிடுதீங்க” என்றேன். ஜாபேஸ் சார் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஜூனில் உங்கள் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.

குழு கூடிய மறுவாரம் உங்கள் வாப்பா என்னைப் பார்க்க வந்தார். உங்களிடம் சொன்னாரோ என்னவோ. துறை வாசலில் நின்றபடியே, “நான் எட்டாங்கிளாஸும்மா, மோட்டார் ரிப்பேர் பாக்குதவன். எனக்குத் தெரிஞ்ச ஒரே செட்டு பம்பு செட்டுதான். எழுதினதெல்லாம் எம் மகதான்” என்றார். நான் உட்காரச் சொல்லவில்லை. வகுப்பு இருக்கிறது என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வகுப்பு கிடையாது.

ஆகஸ்டில் வெளிநாட்டு இதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பினேன். படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டேன். ‘மதிப்புக்குரிய டாக்டர் சிவசண்முகம்’ என்று பதில் வந்தது. தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் அப்பா. அவர் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது.

உடனே அந்தப் பழைய கட்டுரையைத் தேடி எடுத்தேன். மேலே ஹசன் அலி என்று இருந்தது. கீழே கொடுத்திருந்த மின்னஞ்சல் உங்களுடையது. ஒன்பது வருடம் முன்பு நீங்கள் எழுதியதை உங்கள் இனிஷியலை விரித்து வாப்பா பெயரில் போட்டிருக்கிறார்கள்.

அதன் பிறகுதான் உங்கள் கட்டுரையை வாசித்தேன். மார்ச்சில் நான் வாசித்தது சதவீதத்தை மட்டும். ‘இது என் பழைய கட்டுரையின் விரிவு’ என்று முதல் பக்க அடிக்குறிப்பிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள ‘செட்’ என்ற சொல் இரண்டு இடங்களிலிருந்து வந்து ஒன்றாகிப்போனதைப் பொறுமையாகக் காட்டியிருக்கிறீர்கள். உட்காரவைப்பது என்ற பழைய ஆங்கில வினை ஒன்று. பின்பற்றுகிறவர்களைக் குறித்த லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக வந்தது, இன்னொன்று. சூரியன் மறைவதும் சிமென்ட் இறுகுவதும் முதலாவதில் சேரும். பாத்திர செட்டும், பிள்ளைகள் ‘அவ எங்க செட்டு’ என்பதும் இரண்டாவதில். ‘அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது’ என்பதை எதில் சேர்ப்பது என்று கேட்டு, தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருபத்து மூன்று வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. தெரியவில்லை என்று நான் எங்கும் எழுதியதும் இல்லை.

ஆகஸ்டிலேயே உண்மை தெரிந்தும் இரண்டு மாதம் குழுவிடம் சொல்லாமல் இருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஜாபேஸ் சாரிடம் சொன்னபோது, “விடுங்க மேடம், பைய எல்லாரும் மறந்துருவாங்க” என்றார். அந்த யோசனை எனக்கும் இருந்தது.

இப்போது நடந்ததை எழுதி கல்லூரி முதல்வரிடம் கொடுத்துவிட்டேன். நகல் இதனுடன் இருக்கிறது. இருபத்து நான்காம் தேதி வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது. அங்கேயும் நானே வாசிப்பேன். நாங்கள் சிரித்ததையும் சேர்த்திருக்கிறேன். அது வேண்டாம் என்றால் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன். வேலை திரும்பக் கிடைக்கும் என்று உறுதி தர எனக்கு அதிகாரமில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை களக்காடு வர நினைக்கிறேன். உங்களைப் பார்க்க அல்ல, அதைக் கேட்கும் தகுதி எனக்கில்லை. வாப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

வேண்டிக்கொள்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. இருந்தாலும் உங்கள் இருவருக்கும் நல்லது நடக்க வேண்டும். வாப்பா ரிப்பேர் கடையை எத்தனை மணிக்குத் திறப்பார் என்று ஒரு வரி எழுதுங்கள். வர வேண்டாம் என்றால் அதையும் எழுதலாம்.

இப்படிக்கு,
விஜயஸ்ரீ