லிட்டருக்குப் பதினேழு

இன்று காலை நான் வண்டி விற்கும் ஷோரூமில் புது விளம்பரத் தாள் கட்டைப் பிரித்தேன். வழவழப்பான தாளின் மை வாசனை மூக்கில் ஏறியதுமே உன் ஞாபகம். 

கல்மண்டபம் ஏரியாவில் ஒரே கேரம் போர்டில் வளர்ந்தவர்கள் நாம். இருபது வருஷம் அடுத்தவன் வண்டியில் மீன் ஏற்றிய நீ, சொந்தமாக ஒரு பிக்கப் எடுக்க என்னைத் தேடித்தான் வந்தாய். எழுபது குதிரைசக்தி என்று நான் பெருமையாக ஆரம்பித்தேன்.

"அத்த வுடு மாமு. மைலேஜ் எவ்ளோ குடுக்கும்?"

"லிட்டருக்குப் பதினேழு."

விளம்பரத் தாளில் அந்தப் பதினேழுக்குக் கீழே பொடி எழுத்தில் 'சோதனை நிலையில்' என்று இருந்தது. சோதனை என்றால் அறைக்குள் உருளைமேல் சக்கரத்தைச் சுற்றவிடுவது. எண்ணூர் ரோட்டின் கன்டெய்னர் டிரெய்லர் வரிசையோ, ஐஸ் பாரமோ அதில் கிடையாது. எல்லாம் தெரிந்துதான் அந்த எழுத்தின்மேல் கட்டைவிரலை வைத்துத் தாளை நீட்டினேன். நீ வாங்கிப் படிக்கக்கூட இல்லை. "நீ சொன்னா போதும்பா" என்றாய்.

ஒரே மாதத்தில் திரும்பி வந்தாய். "மாமு, பத்தத் தாண்ட மாட்டேங்குது. இன்னான்னு பாரு." மேனேஜர் பக்கத்தில் நின்றார். எனக்கு வந்த பயத்தில், "வண்டில ஒண்ணும் இல்லப்பா, உன் கால்தான் கனம். நீ மிதிக்கிற மிதிக்கு எழுபது குதிரையும் செத்துடும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், குனிந்து உன் செருப்பைப் பார்த்துக்கொண்டே. சே, என்ன மனுஷன் நான்!

அப்புறம் ஒரு மதியம் திருவொற்றியூரில் டிரெய்லர் வரிசை அங்குலம் அங்குலமாக ஊர்ந்துகொண்டிருந்தது. காலி மீன் பெட்டிகளோடு உன் வண்டி. நீ இன்ஜினை அணைத்துவிட்டு, ஒரு கை ஸ்டியரிங்கில், தோள் கதவில், வெறுங்காலோடு தள்ளிக்கொண்டிருந்தாய். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"இன்னாடா இது?"

"நீதானே சொன்ன, கால் கனம்னு? அதான் கால எட்த்துட்டேன்."

நக்கல் இல்லை உன் குரலில். நம்பித்தான் சொன்னாய். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் மூன்று மாதமாகிறது. இன்று மதியம் உன் மனைவி ஷோரூமுக்கு வந்தாள். வண்டியை விற்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"விக்கலண்ணே, நானே ஓட்டப் போறேன். லைசென்ஸ் எட்த்துட்டேன். நீங்கதான் பக்கத்துல குந்திகினு கால் வெக்கக் கத்துக்குடுக்கணும். அவர மாதிரி மிதிச்சிடப் போறேன்னு பயமா கீது. தன் கால்தான் சரியில்லன்னு கடைசி வரைக்கும் சொல்லிகினே இருந்தாரு."

"சரிம்மா" என்றேன். அவளிடமும் அவ்வளவுதான் வந்தது.

நாளை காலை ஆறு மணிக்கு வண்டியோடு வருகிறாள். உன் சீட்டில் அவள், பக்கத்தில் நான். கற்றுக்கொடுக்குமுன் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: உன் காலில் ஒரு தப்பும் இல்லை. நீ இருக்கும்போது வராத வாய் நாளைக்கு வருமா, தெரியவில்லையடா.